வாலில் இருக்கும் பொருளடக்கம்

பல படங்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய ஜிப் கோப்பைத் தலையிலிருந்துதான் படிக்க வேண்டும் என்று உலகம் நம்புகிறது. மாபெரும் பிழை! அதன் பொருளடக்கம் வாலில் இருக்கிறது.

சி மொழியில் எழுதிய சுமையன் என்ற நிரலுக்கு இது தெரியாது. அதிலிருந்து ஒரே ஒரு படம் கேட்டாலும் முழுக் கோப்பையும் வட்டிலிருந்து நினைவகத்துக்குச் சுமந்து வந்து, இடம் போதாமல் விழும். இன்னொரு முறை விழுந்தால் அழித்துவிடுவார்கள்.

"முழுக் கோப்பும் என்னிடம் இருக்கிறது அண்ணே," என்றது பக்கத்து நிரலான விரிப்பன்.

"கையை வீசிக்கொண்டு நிற்கிறாயே, புளுகா!"

"கோப்பு வட்டிலேயே கிடக்கிறது. நினைவகத்தில் அதன் வரைபடத்தை மட்டும் விரித்தேன். தொடுகிற பக்கம் மட்டும்தான் நினைவகத்துக்கு வரும். வாலைத் தொட்டு, படம் எந்த இடத்தில் இருக்கிறதென்று பாருங்கள். அந்தப் படத்தின் சுருக்கத்தை மட்டும் பிரியுங்கள்."

சுமையன் அப்படியே தொட்டது. படம் வந்தது; சுமையனும் பிழைத்தது.

இப்போது அது நூறு கோப்புகளை விரித்து வைத்திருக்கிறது. "எல்லாம் என்னிடம் இருக்கிறது," என்று எல்லோரிடமும் நிம்மதியாகச் சொல்கிறது. ஒன்றையும் இன்னும் தொடவில்லை.