சாதியற்றவருக்கு மருந்து

சிறுபான்மையினர் உடல்நல ஆய்வுச் சட்டம் வந்தபின், எந்தச் சிறிய சமூகத்துக்கும் அதன் ரத்தத்துக்கேற்ற மருந்து தனியாகக் கிடைத்தது. காய்ச்சலில் கொதிக்கும் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கணவன் இளம்பரிதியோடு மருந்து வரிசையில் நின்றாள் நித்திலா.

“புள்ள என்ன சாதிம்மா?” என்றார் மருந்து கொடுப்பவர்.

“சாதியில்லைன்னு சர்டிபிகேட்டே வாங்கியிருக்கோம்,” என்றாள் பெருமையாக. இரண்டு வீட்டையும் பகைத்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார்கள்.

“அதுக்கு மருந்து வரலையே. அம்மா சாதியா, அப்பா சாதியா? ஒண்ணு சொல்லுங்க, தர்றேன்.”

ஒன்பது வருடச் சண்டைகளில் ஒருமுறைகூட இருவர் வாயிலும் வராத பேச்சு அது. நித்திலா யோசிக்காமல் தன் சாதியைச் சொன்னாள். அதே நொடியில் இளம்பரிதியும் சொன்னான், அவன் சாதியை.