ஷட்டர் இறங்கினால் ஓடும் கார்

அந்தக் கார் ஸ்டார்ட் ஆகும், உடனே நின்றுவிடும். பெட்ரோல் பம்பை மாற்றினேன், ஃபில்டரை மாற்றினேன், பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். எதற்கும் மசியாத கல்லுளிமங்கன்.

என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்த அது, செத்துப்போன ஒருவரின் கார். சாத்திய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கிப்போய், புகையில் மூச்சுமுட்டிச் செத்தாராம். காரைக் கொண்டுவந்த அவருடைய தம்பி சொன்னது இது. கூட வந்த அண்ணி, செத்தவரின் மனைவி, ஷட்டர் பக்கமாகப் போய் நின்றுகொண்டார்.

தெரு இரைச்சலில் இன்ஜின் சத்தம் பிடிபடவில்லை. இந்த மாதிரி நேரத்தில் ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் கேட்பேன். இறக்கினேன். தம்பி உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. ஷட்டரைத் தூக்கினேன், நின்றது. மறுபடி இறக்கி ஸ்டார்ட் செய்யச் சொன்னேன், ஓடியது.

"என்னய்யா, வித்தை காட்டுறியா?" என்று சிரித்துக்கொண்டே தம்பி சாவியை உருவினார்.

இன்ஜின் நிற்கவில்லை. கார்க் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்டன. தம்பி கண்ணாடியைத் தட்டத் தொடங்கினார்.

புகை கண்ணைக் கரித்தது. ஷட்டரைத் தூக்கக் குனிந்தேன். அதன் அடிப்பட்டையை மிதித்துக்கொண்டு அண்ணி நின்றார்.

"கொஞ்ச நேரம் ஓடட்டும்ங்க," என்றார் நிதானமாக. "அன்னைக்கு அவர் உள்ள இருக்கும்போதே ஷெட்டுக் கதவைச் சாத்திட்டு இந்தத் தம்பியும் இதையேதான் சொன்னாரு."