மாமனார் எழுந்து போய்விட்டார்

விளக்கை அணைத்ததும் மாமனார் எழுந்துவிட்டார்.

"எங்கப்பா கிளம்பிட்டே?" என்றாள் மகள்.

"உள்ள ஒரே புழுக்கமா இருக்கும்மா. கீழ நிக்கிறேன்."

வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களை எல்லாம் இடித்துக்கொண்டு அவர் வெளியேற, மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. ரோட்டோர நூலகத்தின் மாடி அறை அது. நூறு பேர் வந்திருக்கிறார்கள். குறும்படப் போட்டியின் கடைசிப் படமாக, அவன் எடுத்தது முதல்முறையாகத் திரைக்கு வருகிறது. பன்னிரண்டே நிமிடம். அதைக்கூட உட்கார்ந்து பார்க்க இந்த மனுஷருக்கு மனசு வரவில்லையே!

"பார்த்தியா உங்கப்பாவை?"

"ஷ்! ஆரம்பிச்சாச்சு," என்றாள் மனைவி.

மாப்பிள்ளைக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். வாரத்தில் ஆறு நாள் பின்னறையில் உட்கார்ந்து, ஃப்ரேமுக்குத் தகுந்தபடி லென்ஸ் தேய்க்க வேண்டும். படம் எடுக்க யாரிடமும் போய்ப் படித்ததில்லை. யாரோ கழித்துப் போட்ட கேமராவை வாங்கி, போனில் பாடம் பார்த்து, எடுத்ததை அழித்து, அழித்ததை மறுபடி எடுத்துத் தானாகவே தேறியவன். கிடைக்கிற ஒரே விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் விடிந்ததும் கேமராப் பையைத் தூக்கிவிடுவான்.

மகள் வீட்டோடு வந்து தங்கிவிட்ட மாமனாருக்கு அது ஆகவே ஆகாது.

"என்ன மாப்பிள்ளை, ஆறு நாள் கண்ணாடி தேய்ச்சு கண்ணைக் கெடுத்துக்கிட்டது பத்தாதா?"

"ஒரு படம் எடுக்கிறேன் மாமா. சாவி போடுறவர் ஒருத்தரைப் பத்தி."

"சாவி போடுறதை எவன் மெனக்கெட்டு உட்கார்ந்து பார்ப்பான்?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு விருட்டென்று போய்விடுவார். எட்டு மாதம், ஒரு ஞாயிறு தப்பாமல் இதே கூத்துதான்.

"என் முகத்திலேயே முழிக்கக் கூடாதுன்னு ஓடுறார்," என்று மாப்பிள்ளை புலம்புவான். மனைவி பையில் தண்ணீர் பாட்டிலைத் திணிப்பாள்.

திரையில் சாவிக்காரர் வந்தார். தெருவோரம் பெட்டி போட்டு உட்கார்ந்திருப்பவர். பார்வை மங்கிப்போய், இப்போது காதை நம்பித்தான் பிழைப்பு. அரத்தால் ஓர் இழுப்பு இழுப்பார். சாவியைப் பூட்டுக்குள் விட்டுத் திருகி, காதைக் கொடுத்துக் கேட்பார். மறுபடி ஓர் இழுப்பு. படத்தில் ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. அரத்தின் கரகரப்பு மட்டும்தான்.

கடைசியில் பூட்டு 'க்ளிக்' என்று திறந்துகொண்டது. அப்புறம் அடித்தார்கள் பாருங்கள் கைதட்டல், பின்வரிசை மொத்தமும் எழுந்து நின்றுவிட்டது. மாப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சந்தோஷத்தில் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தான். காலியாகக் கிடந்தது.

தேர்வுக் குழுவிலிருந்து ஓர் அம்மாள் மைக்கை வாங்கினார்.

"முப்பது வருஷமா நான் சவுண்ட் ரெக்கார்டிங்ல இருக்கேன். படத்துல வர்ற தெருவையும் எனக்குத் தெரியும். ஹாரன் அடிக்கிற அடியில பக்கத்துல நிக்கிறவர் பேசுறதே காதுல விழாது. அங்க போய் அரம் உரசுறதை இவ்வளவு துல்லியமா எப்படித் தம்பி பிடிச்சீங்க? அப்புறமா ஸ்டுடியோவில சேர்த்ததா?"

"இல்லைங்க, எல்லாமே ஸ்பாட்ல பிடிச்சதுதான்," மாப்பிள்ளை காலரைச் சரிசெய்துகொண்டான். "ஞாயித்துக்கிழமை காலையில ஏழுலேருந்து ஒன்பது வரைக்கும் அந்தத் தெரு தானா அடங்கிடும். இத்தனை வருஷமா அதை யாரும் கவனிக்கலை, நான் கவனிச்சேன். பொறுமையா காத்திருந்தா தெருவே நம்ம சொல்பேச்சு கேட்கும்."

தன் பேச்சு அவனுக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று. மறுபடியும் கைதட்டல். கொஞ்ச நேரம் கழித்து முடிவுகளை அறிவித்தபோது, சிறந்த ஒலிப்பதிவுக்கான கேடயத்தை அந்த அம்மாளே அவன் கையில் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு வந்தால், மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி சிரிப்பு?"

"ஒண்ணுமில்லை. கீழ போய் அப்பாவைக் கூட்டிட்டு வாங்க."

மாப்பிள்ளை கேடயத்தோடு படியிறங்கினான். இன்றைக்கு நேருக்கு நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவே கட்டிவிட்டான். ஊரே எழுந்து நின்று தட்டுகிறது, உங்களுக்கு மட்டும் என்ன மாமா வந்தது?

கேட்டைத் தாண்டியதும் கால் அப்படியே நின்றுவிட்டது.

ரோட்டின் நடுவில் மாமனார் இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு நின்றிருந்தார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. அவருக்கு முன்னால் தண்ணீர் கேன் ஏற்றிய வண்டி ஒன்று எஞ்சினை அணைத்துவிட்டு நின்றது. வண்டிக்காரர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"இங்கயுமா பெரியவரே? அந்தச் சாவிக்காரர் தெரு முனையில ஞாயித்துக்கிழமை தவறாம என் வண்டியை மறிச்சது பத்தாதா? அங்கதான் ரெண்டு மணி நேரம் ஒரு வண்டியை உள்ள விடமாட்டீங்க!"

"கோவிச்சுக்காதப்பா," மாமனார் குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார். "அன்னிக்கு எங்க மாப்பிள்ளை எடுத்தாரே, அந்தப் படம்தான் இப்ப மேல ஓடிக்கிட்டிருக்கு. ஜன்னலெல்லாம் திறந்து கிடக்கு. முடியற வரைக்கும் ஹாரன் கீரன் அடிச்சுடாத, உனக்குப் புண்ணியமாப் போகும்."

படம் முடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.