சொந்தக் காரணம்

"பதினாலு மாசம் வேலைக்கே போகல. பைக் லோன்ல ஒன்பது தவணை கட்டல. காரணம் கேட்ட இடத்துல 'சொந்தக் காரணம்'னு எழுதியிருக்கீங்க. இதென்ன ஸ்கூல் லீவ் லெட்டரா சார்?"

வங்கி மேலாளர் வீட்டுக்கடன் விண்ணப்பத்தைத் திருப்பிக் காட்டினார். எதிரில் இருந்த லிஃப்ட் மெக்கானிக் நெளிந்தார். பாதி மாடியில் நின்றுபோன லிஃப்டைக்கூட நகர்த்திவிடுவார்; இந்த மாதிரி இடத்தில் அவர் வாய் மட்டும் அசையாது.

"நாலு வருஷத்துக்கு முந்தின கதை சார். மறுபடி வேலையில சேர்ந்து மூணு வருஷமாகப்போகுது. பாக்கியெல்லாம் கட்டி முடிச்சிட்டேன்."

"அதனாலதான் ஃபைலைத் தூக்கிப் போடாம கேட்கிறேன். நியாயமான காரணம்னா நானே பரிந்துரை பண்ணுவேன். அந்தப் பதினாலு மாசம் என்ன பண்ணீங்க?"

"சும்மாதான் இருந்தேன்."

பக்கத்தில் இருந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷ வாடகை வாழ்க்கைக்குப் பிறகு கிடைத்த இரண்டு அறை வீடு, கண் முன்னாலேயே கை நழுவிக்கொண்டிருந்தது.

"பத்தொன்பது வருஷமா இப்படித்தான் சார், கிணத்துல போட்ட கல்லு! எனக்குப் புற்றுநோய் வந்து ஆஸ்பத்திரியில கிடந்தேன். வேலையை விட்டுட்டு வந்து, என்னைக் குளிப்பாட்டினதுலேர்ந்து எல்லாம் இவர்தான்."

சிகிச்சைக் காகிதங்களை மேஜையில் வைத்தாள்.

"இதைப் போய் ஏன் சார் மறைச்சீங்க?"

"அவ நோயைக் காட்டி வீடு கேட்க வேணாமேன்னு..." மெக்கானிக் குனிந்துகொண்டார்.

மேலாளருக்கு மனசு இளகிவிட்டது. பேனாவை எடுத்தார். தேதிகளைச் சரிபார்க்கப் பக்கம் புரட்டியவர், திருமணச் சான்றிதழில் நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? பத்தொன்பது வருஷம்னீங்க. கல்யாணம் ஆகியே ரெண்டு வருஷம்தான் ஆச்சு! நாலு வருஷத்துக்கு முன்னாடி எந்தப் பொண்டாட்டியைப் பார்த்துக்கிட்டாரு? பொய்னா இப்பவே ஃபைலை மூடிடுவேன்."

மெக்கானிக் மின்விசிறியைப் பார்த்தார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொய் இல்ல சார். இது எனக்கு ரெண்டாவது கல்யாணம். முதல் கல்யாணமும் இவரோடதான். நான் படுத்தப்போ, எங்களுக்கு விவாகரத்து ஆகி ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு."

மேலாளர் விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்தார். 'சொந்தக் காரணம்' என்பதை அடிக்காமல், அதன் கீழேயே 'ஏற்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.