வேண்டுகோளுக்கு ஒரு படம்

ஞானப்பூ அழமாட்டேன் என்கிறாள். கேமராவைக் கண்ணில் வைத்தபடி நிற்கும் தியோடருக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறுகிறது. நீடாமங்கலம் மாணவர் விடுதிக்கு அவர்தான் செயலாளர். சமையற்கட்டின் கூரையை ஐப்பசி மழைக்குள் மாற்றியாக வேண்டும். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட ஊர்க்காரர்களுக்கு அனுப்பும் வேண்டுகோளில், சமையற்காரி ஞானப்பூவின் கண்ணீர் முகம் இருந்தால்தான் கொடுக்கக் கை நீளும் என்பது அவர் கணக்கு. உடைந்த ஓட்டின் வழியாக இறங்கும் வெயில், சோற்று ஆவியில் பட்டு வெள்ளைத் தூணாக நிற்கிறது. “கொஞ்சம் சோகமாத்தான் பாரேன், ஞானப்பூ!” “சோறாக்குறப்ப எவளாவது அழுவாளா?” கூடப் படித்த உரிமையில் அவளும் சீறுகிறாள். “எங்கம்மா இதே விடுதிக்குப் பிடியரிசி கேட்டு வீடு வீடாப் போனாங்க. ஒருநாளும் அழுததில்ல. உங்க அரிசியில இத்தனை புள்ளைங்க சாப்பிட்டுச்சுன்னு போய்ச் சொல்லுவாங்க. மறுவாரமும் அந்த வீட்டுக்காரங்க உலையில போடுற அரிசியில ஒரு பிடி எடுத்து வச்சிருப்பாங்க.” “அது அந்தக் காலம்!” “சரி, நீ பன்னெண்டு வருசம் துபாய்ல இருந்தியே, இங்க பணம் அனுப்புனியா?” “மொத வருசம் அனுப்புனேன்.” “அப்புறம்?” “அப்புறமும் கேட்டுக் கேட்டு லெட்டர் வந்துச்சு. குடுத்தது என்னாச்சுன்னு ஒருத்தனும் ஒரு வரி எழுதல...” சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்துகிறார். கேமரா மெல்ல இறங்குகிறது. “அந்தக் காசுல என்னதான் வாங்குனாங்க?” கோபம் தணியாத குரலில் கேட்கிறார். ஞானப்பூ, கையிலிருக்கும் கரண்டியால் அடுப்பில் கொதிக்கும் அண்டாவைத் தட்டிக் காட்டுகிறாள்.