ஹெட்போனில் வந்த குரல்

ஸ்கேன் குழாய்க்குள் தலை போனதுமே ஞானமூர்த்தி அடிகளுக்கு மூச்சு முட்டியது. 'பயத்தை வெல்லும் தியானம்' என்று ஊர் ஊராய் முகாம் நடத்துகிறவர். தலைக்குள் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க, காவியைக் கழற்றிவிட்டு ஆஸ்பத்திரியின் பச்சை அங்கியில் படுத்திருந்தார். காதில் மாட்டிய ஹெட்போனில் ஒரு குரல் குழைந்தது: "பயம் என்பது வெறும் மேகம். அது கடந்து போகட்டும்."

அவருடைய குரலேதான். மேகம் கடப்பதாக இல்லை. மார்பின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. உதவிக்குக் கூப்பிடக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கினார்.

"என்னங்கய்யா?" என்று மைக்கில் கேட்டாள், ஸ்கேன் எடுக்கும் ஜெசிந்தா.

"இந்த ஆளை முதல்ல நிறுத்தும்மா."

"எல்லாரும் இதைக் கேட்டுத்தான் தூங்கிடுறாங்க. நிறுத்தினா இன்னும் பயமா இருக்குமே?"

"நீ ஏதாவது பேசு. எதுன்னாலும் சரி."

அவள் யோசித்தாள். பிறகு, காலையில் இட்லி கல்லாகிப்போனதையும், அதற்கு மாமியார் உளுந்தைக் குறை சொல்லாமல் தன்னைக் குறை சொன்னதையும் சொன்னாள். இயந்திரம் இரையும்போது நிறுத்தி, ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அவர் அசையாமல் கிடந்தார்.

வெளியே இழுத்ததும் கேட்டாள்: "அந்தச் சாமியார் பேச்சு ஏங்கய்யா பிடிக்கலை?"

"அவரு இதுக்குள்ள படுத்துப் பாக்குறதுக்கு முன்னாடி பேசினதும்மா அது."