தொட்டிக்குள் ஒரு சட்டி

"கைய வுடாதீங்க! என்னான்னு தெரியாம அதைத் தொட வேணாம்!" பெரியநாயகி கணவனின் தோளைப் பிடித்து இழுத்தாள்.

கோவிந்தராசு கேட்கவில்லை. கண்ணாடித் தொட்டியில் மூக்கு ஒட்ட, உள்ளே படுக்க வைத்திருந்த பீங்கான் சட்டியையே பார்த்தான். சட்டியின் உட்புறம் உள்ளங்கை அகலத்துக்குப் பொடிப்பொடியாக என்னவோ முளைத்திருந்தது. போன வாரம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. இன்று ஒவ்வொரு மணியிலும் கறுப்பாகப் புள்ளி வேறு!

"போச்சு. உப்புத் தண்ணி மேல்பூச்சு கிளேஸைத் தின்னுடுச்சி. மண்ணுல இருந்த இரும்பு கரும்புள்ளியா வெளிய வருது."

"சூளையில நல்லாத்தான வெந்துச்சி? கிளேஸு கலக்குனது நானு. அதுல ஒரு கொற கெடையாது."

"அப்ப இது என்னாவாம்? சாமி குடுத்த வரமா?"

பதினொரு மணி பஸ்ஸில் சென்னையிலிருந்து இளவழகன் விருத்தாசலம் வந்து இறங்குவதாக நேற்றே எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தார். வளர்ப்பு மீன் கடைக்காரர். மூன்று மாதம் முன்பு இந்தத் தொட்டியையும் ஒரு ஜோடி கடல் மீனையும் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான். "உங்க சட்டி ஒண்ணை உள்ள போட்டு வைங்க. வந்து பாத்துட்டு ஆர்டர் தரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உப்புத் தண்ணீரில் கிளேஸ் தாங்குகிறதா என்று பார்க்கத்தான். அதற்குத்தான் போடச் சொன்னார் என்பதில் கோவிந்தராசுவுக்குச் சந்தேகமே இல்லை. பீங்கான்காரனுக்கு வேறென்ன தோன்றும்?

ஆயிரம் சட்டிக்கு ஆர்டர். கிடைக்காவிட்டால் ஷெட்டைக் காலி செய்துவிட்டு, மறுபடி அடுத்தவன் கம்பெனியில் கூலிக்கு நிற்க வேண்டியதுதான். வாரா வாரம் கடலூருக்குப் பஸ் ஏறி, கேனில் கடல் தண்ணீர் சுமந்ததெல்லாம் வீண்.

"ஏங்க, அவரு வரட்டும். இப்பிடி இருக்குதுன்னு உள்ளதைச் சொல்லிடலாம். அவருக்குத் தெரியாததா?"

"சொல்லி? உன் கிளேஸு சொத்தைன்னு மூஞ்சியில அடிச்சாப்ல சொல்லிட்டு அடுத்த பஸ்ஸப் புடிப்பாரு. நகரு நீ!"

கையை உள்ளே விட்டான். பெரிய மீன் பாய்ந்து வந்து விரலைக் கடித்தது. "ஆ! சனியனே!" என்று உதறினான். மறுபடி கடித்தது. சின்ன மீனும் சேர்ந்துகொண்டது.

"காலையில தீனி போட்டியா இல்லியா?"

"போட்டேங்க. ஒரு வாரமாவே இதுங்க ஒரு மாதிரியாத்தான் இருக்குதுங்க."

அவன் சட்டியை வெளியே எடுத்துத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தான். கொழகொழவென்று உரிந்து வந்தது. அடியில் கிளேஸ் ஒரு கீறல் இல்லாமல் பளபளத்தது. கோவிந்தராசுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பாத்தியா! மேலால புடிச்ச அழுக்குதான். இதுக்குப் போயி பயந்து செத்தோமே!" நாரை அலசி, தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினான். சட்டியை மறுபடி தொட்டிக்குள் வைத்தபோது மீன் இரண்டும் அதற்குள் நுழைவதும் வெளியே வருவதுமாகத் தவித்தன.

இளவழகன் வந்தார். கொடுத்த டீயைக்கூடத் தொடாமல் நேராகத் தொட்டியின் முன் குந்தி, டார்ச் அடித்துச் சட்டிக்குள் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"உள்ள ஒண்ணுமே வரலீங்களா?"

"ஒரு பொட்டு கூட வரலீங்க!" கோவிந்தராசு நெஞ்சை நிமிர்த்தினான். "வெச்ச மேனிக்கு அப்பிடியே இருக்குது."

"அடடா..." இளவழகன் டார்ச்சை அணைத்தார். "கிளேஸெல்லாம் அருமைங்க. ஆனா குஞ்சு பொரிக்க வைக்கத்தான் நான் சட்டி தேடறேன். மூணு மாசமா இதுங்க முட்டையே வெக்கலைன்னா, உங்க சட்டி பிடிக்கலைன்னுதான் அர்த்தம். இந்த ஆர்டர் சரிப்பட்டு வராதுங்க."

"முட்டையா?" பெரியநாயகி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "அது... எப்பிடிங்க இருக்கும்?"

"ஆரஞ்சு கலர்ல பொடிப்பொடியா ஒட்டியிருக்கும்மா. ஒரு வாரத்துல ஒவ்வொண்ணுலயும் குஞ்சோட கண்ணு கறுப்பாத் தெரியும். அந்த நேரத்துல உள்ள கைய விட்டோம்னா, தாயும் தகப்பனும் சேர்ந்து கடிச்சுத் துரத்திடும்."

கோவிந்தராசு, பல் பட்டுச் சிவந்திருந்த விரலை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.